சோத்தாங்கையும் பீச்சாங்கையும்



நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் கலங்கரை விளக்கம் இருக்கும். அதைத் தாண்டினால் நடுக்குப்பம், மாட்டாங்குப்பம், அயோத்திக்குப்பம். வலக்கைப் பக்கம் டுமீங்குப்பம், முள்ளிக்குப்பம், சாந்தோம், பட்டினப்பாக்கம். கடலுக்கு முதுகைக் காட்டி நகரத்தைப் பார்த்து நின்றால் இரண்டும் மாறிவிடும். இடது, வலது என்ற அரசியல் பெயர்களுக்கு இன்னும் பொருள் இருக்கிறதா என்று பேசச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த இடம்தான். எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறோம் என்பதைச் சொல்லாமல் இடது, வலது என்று சொல்ல முடியாது.

"இடதாவது வலதாவது, அதெல்லாம் காலாவதியாகிவிட்டது" என்று இன்று சொல்கிறவர்கள் அநேகமாக வசதியான இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். இன்னொரு பக்கம், நம் தோழர்களில் சிலர் ஒருவர் எழுதியதைப் படிக்கும் முன்பே அவர் இடதா வலதா என்று விசாரித்து முடிவு செய்துவிடுகிறார்கள். இந்த இரண்டு பழக்கத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கான காரணத்தை இந்தக் கடற்கரையின் வரலாற்றை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

சென்னைப் பேச்சில் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், இடது கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். ஒன்று சோறு தின்கிற கை, மற்றது மலம் கழுவுகிற கை. இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன, ஆனால் பந்தியில் உட்காரும்போது ஒன்றை மறைத்துக்கொள்ள வேண்டும். மலம் அள்ளும் வேலையைச் சில சாதிகளுக்கென்று ஒதுக்கிவைத்த நாட்டில், 'இடது' என்ற சொல்லை அரசியல் பெயராக ஏந்தியவர்கள் அதன் இந்தப் பொருளை அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

அரசியல் இடதும் வலதும் 1789-இல் பிரான்சில் பிறந்தன என்று பாடப்புத்தகம் சொல்லும். மன்னருக்குத் தடுப்பதிகாரம் வேண்டும் என்றவர்கள் சபைத் தலைவரின் வலப்பக்கமும் வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கமும் அமர்ந்தார்கள். அந்தப் பெயர்கள் மண்டபத்தில் இருக்கை கிடைத்தவர்களை வைத்துப் பிறந்தவை. ஆனால் தமிழ் நிலத்துக்கு வலது, இடது என்பது அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த பிரிவினை. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வலங்கைப் படைகள் வருகின்றன. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வலங்கைக்கும் இடங்கைக்கும் மோதல் நடந்திருக்கிறது. பின்னாளில் சாதிகள் இரண்டு கைகளாகவே பிரிக்கப்பட்டன. நிலத்தோடு ஒட்டியவை பெரும்பாலும் வலங்கையிலும், கம்மாளர் போன்ற கைத்தொழில் சாதிகளும் சில வணிகச் சாதிகளும் இடங்கையிலும் நின்றன. எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், எந்த நிறக் கொடி பிடிக்கலாம், பந்தலுக்கு எத்தனை கால் நடலாம், குதிரையில் ஏறலாமா கூடாதா என்பதெல்லாம் இந்தக் கைக்கணக்கில் அடங்கியிருந்தன.

சென்னைப் பட்டினம் உருவான கொஞ்ச காலத்திலேயே, 1652-இல், இந்தச் சண்டை இங்கும் வந்துவிட்டது. 1707-இல் நடந்தது பெரிய சண்டை. தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது, எந்தக் கை எந்தத் தெருவில் குடியிருக்கலாம், ஊர்வலம் போகலாம் என்ற தகராறு முற்றியது. கவர்னரின் தீர்ப்பு பிடிக்காத வலங்கைச் சாதியினர் பெருமளவில் நகரத்தைவிட்டு வெளியேறி எங்கே போனார்கள் தெரியுமா? இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள சாந்தோமுக்கு. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துத்தான் கம்பெனி அதை அடக்கியது.

நம் கதை இதற்குள்தான் இருக்கிறது. பறையர்கள் வலங்கையில் இருந்தார்கள், சக்கிலியர்கள் இடங்கையில் இருந்தார்கள். 1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா இந்தக் கலவரங்களைப் பற்றி எழுதும்போது, வலங்கையின் பெரும் பலம் பறையர்கள் என்றும் இடங்கையின் பெரும் பலம் சக்கிலியர்கள் என்றும் குறிக்கிறார். கொடி பிடிக்கும் உரிமை செட்டிக்கும் பலிஜாவுக்கும். அந்தக் கொடிக்காகத் தெருவில் இறங்கி அடிபட்டவர்கள் இரண்டு பக்கமும் சேரிக்காரர்கள். பறையருக்கும் சக்கிலியருக்கும் தங்களுக்குள் சண்டைபோட என்ன இருந்தது? யாரோ ஒருவருடைய தெருவும் யாரோ ஒருவருடைய பந்தலும் இருந்தன. 2009-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீட்டை ஏற்றபோதும், நமக்குள்ளேயே எழுந்த கசப்பான பேச்சுகளைக் கேட்டபோது இந்தப் பழைய கைகள் இன்னும் முழுதாக விழவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இதைச் சொல்வதால் இந்த அரங்கில் சிலருக்கு வருத்தம் வரலாம். வரட்டும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1429-இல், விஜயநகர ஆட்சியில், காவிரிப் பகுதியிலும் அதற்கு வடக்கிலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் வலங்கை 98 சாதிகளும் இடங்கை 98 சாதிகளும் ஒன்றாகக் கூடி முடிவெடுத்த செய்தி இருக்கிறது. அதிகாரிகளும் பிராமண, வெள்ளாள நிலக்காரர்களும் விதித்த அநியாய வரிகளைக் கட்டுவதில்லை, அவர்களுக்குத் துணைபோகிறவர்களை விடுவதில்லை என்பது முடிவு. வரி ஒரு எல்லைக்கு மேல் போனபோது இரண்டு கையும் சேர்ந்துவிட்டது. சேர முடியாத பிரிவினை என்று ஒன்று இல்லை. ஆனால் அந்த ஒற்றுமை நிலைக்கவும் இல்லை.

எண்ணூறு ஆண்டுகள் இருந்த இந்தப் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெல்ல மறைந்தன. யாரும் கூட்டம் போட்டுக் காலாவதி என்று அறிவிக்கவில்லை. தெருவையும் கொடியையும் மரியாதையையும் பங்கிடும் வேலையை நீதிமன்றமும் நகராட்சியும் மக்கள்தொகைக் கணக்கும் எடுத்துக்கொண்டன. பங்கிட ஒன்றும் இல்லாமல் போனதும் பெயர் வற்றிவிட்டது. சாதி அப்படியே இருந்தது. ஒரு அரசியல் பெயருக்குப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், அது இன்று எதைப் பங்கிடுகிறது, யாருக்கு, என்று திருப்பிக் கேட்பேன்.

புதிய இடது இந்தக் கடற்கரைக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1860 பிப்ரவரி 18 அன்று அயோத்திக்குப்பத்தில் மீனவர் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர், 1923 மே 1 அன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதற்கு முன்பு அவர் பௌத்தர். லட்சுமி நரசுவோடு சேர்ந்து சென்னையில் பௌத்தம் பேசியவர். அதே காலத்தில் ராயப்பேட்டையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்தச் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார், 1907 முதல் பத்திரிகையும் நடத்தினார். இருவரின் பௌத்தமும் ஒன்றல்ல. ஆனால் இந்த நகரத்தின் பொதுவுடைமைக்கும் தலித் சிந்தனைக்கும் ஒரு காலத்தில் பொதுவான வாசல் ஒன்று இருந்தது, அது பௌத்தம். இடதுசாரி வரலாறுகள் இந்த வாசலைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகின்றன.

1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குச் சிங்காரவேலர் தலைமை தாங்கினார். அந்தத் தலைமையுரையில் தீண்டாமை பற்றியும் பேசினார். தீண்டாமை அடிப்படையில் பொருளாதாரப் பிரச்சினை, அந்த மக்களின் பொருளாதாரச் சார்பு தீர்ந்தால் சமூக இழிவு தானே மறைந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். குப்பத்தில் பிறந்தவர், பௌத்தர், சாதியின் சூட்டை அறிந்தவர். அவரே இப்படிச் சொன்னார். பின்னாளில், 1930களில், பெரியாரின் குடிஅரசில் மதத்தையும் சாதியையும் எதிர்த்து அவர் எழுதியவை இந்தக் கூற்றைவிட வெகுதூரம் போனவை. ஆனால் கட்சி கைப்பற்றிக்கொண்டது கான்பூர் வாக்கியத்தைத்தான்.

அந்த வாக்கியம் சொல்லப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரம் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. 1921-இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தைச் சொல்கிறேன். 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று; திரு.வி.க. அதன் தலைவர்களில் ஒருவர். 1921 ஜூனில் வேலைநிறுத்தம் விரிந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் சேரவில்லை, ஆலைக்குப் போனார்கள். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் சேரி வீடுகள் எரிந்தன. அடுத்தடுத்த மாதங்களில் கலவரமும் துப்பாக்கிச்சூடும் தொடர்ந்தன. நம் மக்களுக்குக் கிடைத்த பெயர் 'கருங்காலி'.

அவர்கள் ஏன் சேரவில்லை? வேலைநிறுத்தம் என்பது கையில் மிச்சம் இருப்பவன் ஆடக்கூடிய ஆட்டம். சாதி இந்துத் தொழிலாளிக்கு ஊரில் துண்டு நிலமோ உறவோ இருந்தது. சேரித் தொழிலாளிக்கு ஊர் என்றால் மறுபடி பண்ணையாள் வாழ்க்கை. ஆலைதான் அவன் முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்த இடம். அதோடு, சங்கத்தில் தோழன் என்று அழைத்தவன் மாலையில் தன் தெருவுக்குள் விடமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அவன் முடிவு செய்தான். அந்த முடிவு சரியா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் அவனை முதலாளியின் ஆள் என்று எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை.

மறுபக்கம் என்ன செய்தது? ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி ஆதிதிராவிடர்களைத்தான் குற்றம் சொன்னது. அரசின் தொழிலாளர் துறை அவர்களுக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது என்றார்கள். அவர்களை நகரத்தைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்ற யோசனை தியாகராய செட்டியாரிடமிருந்து வந்தது. எம்.சி. ராஜா அதன்பின் நீதிக்கட்சியோடு முறித்துக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம். காங்கிரஸ், நீதிக்கட்சி, தொழிற்சங்கம் என்று எல்லாக் கைகளும் ஒரே திசையில் நீண்ட அரிய தருணம் அது. கை நீண்ட இடம் புளியந்தோப்புச் சேரி.

இன்னொரு வகையிலும் இந்தப் பெயர்கள் நம் முன்னோர்மேல் பொருந்தாமல் நழுவுகின்றன. 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்தார். அப்படி நடந்தால் பதவிக்கு வருவது யார் என்று அவருக்குத் தெரியும். அயோத்திதாசர் சுதேசி இயக்கத்தைக் கேலி செய்தார். தேசிய அளவுகோலில் இருவரும் பிற்போக்காளர்கள், இன்றைய பேச்சில் வலதுசாரிகள். நிலம் கேட்டார்கள், பள்ளி கேட்டார்கள், கிணறு கேட்டார்கள், சாதி வேண்டாம் என்றார்கள். இதில் எது வலது?

இதையெல்லாம் சொல்லிவிட்டு "ஆக, இடதும் வலதும் ஒன்றுதான்" என்று முடித்துவிட்டால் அது பொய். தஞ்சையைப் பாருங்கள். 1940களில் கர்நாடகத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் அங்கே வந்து பண்ணையாட்களைத் திரட்டியபோது சவுக்கடியும் சாணிப்பாலும் தினசரி நடைமுறை. அந்த இரண்டையும் நிறுத்தியது செங்கொடிச் சங்கம். அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்த கட்சி வேறு எதுவும் அப்போது அந்த மாவட்டத்துச் சேரிக்குள் வரவில்லை. என் தலைமுறைக்கு முந்தியவர்கள் அந்தக் கொடியை எப்படிப் பார்த்தார்கள் என்பதைத் தஞ்சைக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள். அங்கே இடது என்ற பெயர் ஒன்றைப் பங்கிட்டது: நிமிர்ந்து நிற்கும் முதுகை.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கோரிக்கை கூலி உயர்வு. எரிந்தவர்கள் அனைவரும் தலித்துகள். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்ததை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதாரர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்களா என்ற வகையில் தீர்ப்பு சந்தேகப்பட்டது. அது கூலிச் சண்டையா, சாதிக் கொலையா என்று ஐம்பது ஆண்டுகளாக விவாதிக்கிறோம். கூலி கேட்டதற்காகப் பிற சாதித் தொழிலாளிகளைக் குடிசையோடு எரித்த வழக்கு தமிழ்நாட்டில் எத்தனை உண்டு என்று கேட்டாலே விவாதம் முடிந்துவிடும்.

அம்பேத்கர் இதை முன்பே தெளிவாக வைத்திருந்தார். 1936-இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938-இல் மன்மாடில் தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர்கள் மத்தியில் பேசும்போது, முதலாளியம், பார்ப்பனியம் என இரண்டு எதிரிகளைச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார். பம்பாய் ஆலைகளில் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்காததையும் விடாமல் கேட்டார், ஏனென்றால் அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்டுவது அங்கே வேலை. சேர்ந்து போராடினார், கேட்க வேண்டியதையும் கேட்டார். இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறவர்கள் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள்.

இடதின் கணக்கில் 1979-இன் மரிச்ஜாப்பியும் இருக்கிறது. சுந்தரவனத் தீவில் குடியேறிய நாமசூத்திர அகதிகளை மேற்கு வங்க இடது முன்னணி அரசு காவல்துறையை வைத்து விரட்டியது. 2008 மே 6 அன்று உத்தபுரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிந்ததும் அதே மார்க்சிஸ்ட் கட்சி கொடுத்த அழுத்தத்தால்தான். 1964-இல் பிறந்த அந்தக் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தது 2022-இல். 58 ஆண்டுகள். 2019 ஜனவரி 8 அன்று முன்னேறிய சாதிகளின் ஏழைகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்கும் சட்டத்திருத்தம் மக்களவையில் வந்தபோது 323 பேர் ஆதரித்தார்கள், 3 பேர் எதிர்த்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சி வருமான வரம்பைக் குறைசொல்லிக்கொண்டே ஆதரித்து வாக்களித்தது. எதிர்த்த மூவரும் முஸ்லிம் கட்சிகளைச் சேர்ந்தவர்கள். அந்த ஒரு மாலையில் இந்தியாவின் இடதும் வலதும் ஒரே பொத்தானை அழுத்தின. வலதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும் அவர்களிடம் அவர் எழுதிய சாதி ஒழிப்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

மறுபடி இந்தக் கரைக்கு வருகிறேன். 1985-இன் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகாக்குவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முனைந்தபோது, எதிர்த்த மீனவர்கள் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். 2003-இல் ஜெயலலிதா அரசு மலேசிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து இந்தக் கரைக்கு வேறு திட்டம் போட்டது. 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்கள் விரட்டப்பட்டு ஓடிவந்தபோது குப்பம் அடைக்கலம் கொடுத்தது. அன்று நடுக்குப்பம் மீன்சந்தை எரிந்தது. காவலர்களே தீ வைத்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். மயிலாப்பூரை ஒட்டிய ரூதர்புரம் தலித் குடியிருப்பிலும் அன்று அடி விழுந்தது. குப்பத்தையும் சேரியையும் அடித்த தடிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கில் லூப் சாலை மீன்கடைகள் அகற்றப்பட்டன, மீனவர்கள் படகுகளைச் சாலையின் குறுக்கே போட்டார்கள். 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய சந்தை திறக்கப்பட்டது. கடற்கரையை அழகாக்கும் ஆசை எந்தக் கட்சிக்கும் இல்லாமல் போகவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனார்கள். அங்கே போய் யார் அதிகம் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 1921-இல் தியாகராய செட்டியார் கேட்டது ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு தவணை தவணையாக நடந்துகொண்டிருக்கிறது.

நொச்சிக்குப்பத்து மக்கள் பட்டியல் சாதியினர் அல்லர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் நிவாரண முகாம்களிலும் பங்கீட்டிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அங்கே ஒதுக்கியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். கடலிடம் எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களே தண்ணீர்க் குடத்தில் சாதி பார்த்தார்கள். இதை இந்தக் குப்பத்தின் நடுவில் நின்று சொல்வதற்கு எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் அடுத்த தடியடியில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கப் போகிறோம்.

கூட்டங்களில் என்னைக் கேட்பார்கள்: நீங்கள் இடதா, வலதா? கூலி என்று வந்தால் இடது, அதில் எனக்குக் குழப்பம் இல்லை. நிலம் என்று வந்தால் கட்சியின் பெயரைப் பார்க்கமாட்டேன், யார் ஆட்சியில் யாருக்குப் பட்டா கிடைத்தது, யார் செம்மஞ்சேரிக்குப் போனார்கள் என்ற கணக்கைக் கேட்பேன். மரியாதை என்று வந்தால், உங்கள் மாவட்டக் குழுவில் எத்தனை அருந்ததியர் இருக்கிறார்கள் என்று கேட்பேன். இந்தக் கேள்வியை நம் மன்றத்தையும் பார்த்துத்தான் கேட்கிறேன். இன்றைய மேடையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். சிறுவயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாறை எங்கே போய் விழும் என்றுதான் நான் யோசிப்பேன்.